எருமையக்காவின் சிரிப்பு

எருமை முதுகில் உட்கார்ந்த கரிச்சான்குருவி, ஒரு முட்டை இட்டதற்கே ஊரைக் கூட்டும் கோழி மாதிரி கத்திக் காட்டியது. அணில் விழுந்து விழுந்து சிரித்தது. "நான் இப்படியா கத்துறேன்?" என்று கோழியே சிரித்துவிட்டது. எருமை மட்டும் பேசாமல் புல் மேய்ந்தது.

"அக்காவுக்குப் பிடிக்கலை. இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்" என்று கரிச்சானுக்கு முகம் வாடிவிட்டது, பாவம்.

சாயங்காலம் எருமை மரத்தடியில் படுத்து அசைபோட்டது. திடீரென்று உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தது. முதுகிலிருந்த கரிச்சான் கீழே விழுந்தது.

"எதுக்குக்கா சிரிக்கிறீங்க?"

"அந்தக் கோழி இருக்கே தம்பி! ஒரே ஒரு முட்டைக்கு அவ்வளவு சத்தமா! மேயும்போது நீ சொன்ன தமாஷை அப்படியே முழுங்கி வச்சேன். இப்பத்தான் மென்னு பார்த்தேன்."

கரிச்சான் சிறகை உதறிக்கொண்டு மறுபடி முதுகில் ஏறியது. "நாளைக்குச் சிரிக்க இப்பவே ஒண்ணு சொல்லவாக்கா?"

"சொல்லு தம்பி. ஆனா கெட்டியாப் பிடிச்சுக்கோ."