முப்பத்திரண்டு புட்டிகள்

மாதத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும், ஊரே மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் எதெல்மிரா பெரிய பையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மாத்திரைப் புட்டி பைக்குள் போனது. பிறகு தன் சமையலறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

காவலர் வில்மர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக இதே கதை என்று நர்ஸ் யானெத் புகார் கொடுத்திருந்தாள்.

அந்த மலையூரில் நாற்பத்தைந்து வயதிலேயே நினைவு தப்பும் குடும்பங்கள் அதிகம். எதெல்மிராவின் கணவன் லிபார்தோ, அவளையே யாரென்று கேட்டவன். வைட்டமின் ஒன்றிலிருந்து தயாரித்த மாத்திரையை மெடெயின் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்று அங்கே சோதித்துக்கொண்டிருந்தது. பாதிப் புட்டிகளில் மருந்து, பாதியில் வெறும் மாவு. எதில் எது என்று நர்ஸுக்கே தெரியாது. மருந்து சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிடத் தேறினால், அரசாங்கம் ஊருக்கே அதை ஆயுள் முழுக்க இலவசமாகக் கொடுக்கும்.

வில்மர் கதவைத் தட்டினான். அவள் திறந்தாள்.

"மெடெயின்ல யாருக்கு விக்கறீங்க தோன்யா?"

"வாயைக் கழுவுடா! ஞானஸ்நானத்துல நீ வீறிட்டப்போ உன்னைத் தாங்கிப் பிடிச்ச கை இது."

"அந்தக் கைக்குத்தான் இப்ப விலங்கு."

சூப் காய்ச்சும் அண்டாவில் மாத்திரைகள் குவிந்து கிடந்தன. அவள் கரண்டியால் கிளறினாள்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவாம். இது எந்த ஊர் நியாயம்? நற்கருணை அப்பத்தைப் பாதிரியார் பாதிப் பேருக்கு மட்டும் தந்தா ஊர் சும்மா விடுமா? அதான் கலந்து சமமாப் பிரிக்கிறேன். எதிர்வீட்டுக்காரி என்கூடப் பேசி ஒம்பது வருஷமாச்சு. அவளுக்கும் அதே பங்குதான்!"

அவள் பிரித்து முடிக்கும்வரை வில்மர் சாக்லேட் பானமும் இரண்டு அரேப்பா சோள ரொட்டியும் சாப்பிட்டான். பிறகு எண்ணினான். முப்பத்திரண்டு புட்டிகள், புட்டிக்கு முப்பது. ஒன்றுகூடக் குறையவில்லை.

'திருட்டு இல்லை' என்று எழுதிப் புகாரை முடித்தான்.

"லிபார்தோ அண்ணன் எப்படி இருக்கார்?"

"நேத்து என் பேரைச் சொல்லித் திட்டினார்டா!" என்றாள் பெருமையாக.

ஆறு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்தின் அறிக்கை வந்தது: 'மருந்து பெற்றவர்களும் மாவு பெற்றவர்களும் இம்மியும் வித்தியாசமின்றி ஒரே அளவில் தேறியிருப்பதால், இந்த மாத்திரையால் பயன் ஏதுமில்லை; விநியோகம் இன்றோடு நிறுத்தப்படுகிறது.'