திறந்திருந்த மைக்

ஹட்டன் மாதா மண்டபத்து ஜன்னலில் பனிமூட்டம் ஒட்டிக்கிடக்கிறது. கொழும்பு வாத்தியக்காரர்கள் வாசிப்பதைப் பிடித்து உடனே திருப்பித் திருப்பி ஒலிக்கவைக்கும் லேப்டாப்பை மைக்கோடு இணைத்துவிட்டு நம்ம ஜூட்சன் நிமிர்கிறார். வாசலில் பிளாஸ்க்கோடு அவருடைய அக்கா ஏஞ்சலா. விரலெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை. "யாரு அது ஜூட்சன்?" என்கிறாள் வயலின்காரி ஷாமிலா. அக்காவோடு ஒரே கம்பளிக்குள் படுத்து வளர்ந்த மனுஷன், வயரைப் பார்த்தபடி, "தெரியலைங்க, தோட்டத்து ஆளு யாரோ" என்கிறார். மைக் திறந்திருப்பது மறந்துபோச்சு, பாவம். "யாரோ… யாரோ… யாரோ…" என்று நாலு மூலை ஸ்பீக்கரும் ஒப்பிக்கின்றன. ஏஞ்சலா நிதானமாக மேசைவரை வந்து, கோப்பையில் தேநீர் ஊற்றி, மைக் பக்கம் குனிகிறாள். "தேத்தண்ணி ஆறுது, தொரை." மண்டபம் முழுக்க "தொரை… தொரை…" நிறுத்தும் பொத்தான் ஜூட்சனின் விரலடியிலேயே இருக்கிறது, விரல்தான் அசைய மாட்டேன் என்கிறது.