நான்காவது நிமிடத்துக்குப் பிறகு

கணவர் இறந்து எட்டு மாதமாகியும், அவர் கடைசியாகப் பேசிப் பதிந்து வைத்ததை அந்த அம்மா முழுதாகக் கேட்டதில்லை. நான்காவது நிமிடத்தில் கம்ப்யூட்டர் உறைந்துவிடும்.

"மவுஸ்கூட நகராது தம்பி. அவரும் இப்படித்தான், பாதிப் பேச்சுல எழுந்து போயிடுவார்."

பழுதுபார்க்க வந்த மெக்கானிக் கம்ப்யூட்டரைத் திறந்து, வழக்கம்போல உள்ளிருந்த ஒவ்வொரு கார்டாகக் கழற்றிப் பார்த்தார். சவுண்ட் கார்டை எடுத்ததும் பதிவு சத்தமில்லாமல் கடைசிவரை ஓடியது. "கோளாறு இதுலதாம்மா," என்று புதியதைப் பொருத்தினார்.

நான்காவது நிமிடம் தாண்டியது. அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வந்தவருக்கு டீ கொடுத்தியா?" என்றது கணவரின் குரல்.

"இதோ, போடறேங்க," என்று பழக்கதோஷத்தில் எழுந்து சமையலறைக்குப் போனார். மெக்கானிக் பதிவின் தேதியைப் பார்த்தார். போன வருடத்துத் தேதிதான். அன்றைக்கு யாராவது விருந்தாளி வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் தம்பி?" என்று உள்ளிருந்து கேட்டார் அம்மா.

மெக்கானிக் வாய் திறக்குமுன் ஸ்பீக்கரில் பதில் வந்தது. "போடாத. அவருக்குச் சர்க்கரையே கூடாதுன்னு முந்தாநாள்தான் டாக்டர் சொல்லியிருக்கார்."

மெக்கானிக் அதை இன்னும் தன் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.