அளவு ஜாக்கெட்

டேப்பின் நுனி கழுத்துக்குழியில் பட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

டாக்டர் லலிதாம்பிகை அங்கிருந்து இடப்பக்கம் அளந்தார். பிறகு வலப்பக்கம். நர்ஸ் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம்.

"மூச்ச இழுத்து விடுங்க கோகிலா. பயப்படாதீங்க."

பயமில்லை. வெட்கம்தான். இருபத்தெட்டு வருஷமாக அம்மாவைத் தவிர யாரும் பார்க்காததை டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடப்பக்க மார்பு எல்லாப் பெண்களையும் போலத்தான். வலப்பக்கம் பத்து வயதோடு நின்றுபோயிருந்தது.

பதிமூன்று வயதில், "வளந்துக்கும்" என்றாள் அம்மா. பதினாறில், "கல்யாணமானாச் சரியாயிரும்" என்றாள். அதற்குப் பிறகு, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, மடித்து, உள்ளாடையில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அந்த மடிப்பு கல்லூரிக்குப் போனது. வேலைக்குப் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் போய் நின்றது. ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அது உதவாது.

"ரெண்டு கையையும் இடுப்புல வச்சு நல்லா அழுத்துங்க."

அழுத்தினாள். இடப்பக்கம் அக்குளுக்கு முன்னால் தசை விறைத்து எழுந்தது.

வலப்பக்கம் எதுவும் அசையவில்லை.

டாக்டர் அங்கே தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளுவதற்கே கொஞ்சம்தான் வந்தது. அவள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கட்டைப்பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் விரித்துவிட்டாள்.

"இந்த அளவுக்கு வந்தாப் போதுமுங்க டாக்டர்."

அது கோகிலாவின் ஜாக்கெட் இல்லை. சித்தி மகள் ரேணுகாவினுடையது.

கூறைப்புடவைக்கு ஜாக்கெட் தைத்துத் தருவது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். அளவு ஜாக்கெட் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கோகிலாவினுடையதைக் கொடுத்தால், வலப்பக்கம் பிரித்துப் பிரித்துத் தைத்திருப்பதைப் பார்த்து எந்த டெய்லரும் கேள்வி கேட்பார். ரேணுகாவுக்கும் தோளும் கையும் இதே அளவு. அம்மா அதைக் கொடுத்தனுப்பிவிட்டாள். சாமர்த்தியம் என்றுதான் நினைத்தாள்.

ஜாக்கெட் தைத்தாகிவிட்டது. அளவு ஜாக்கெட்டும் திரும்பி வந்துவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் நாற்பத்தொரு நாள்.

இனி மகளைத்தான் ஜாக்கெட்டுக்கு ஏற்றபடி தைக்க வேண்டும்.

டாக்டர் அதைத் தொடவில்லை. ஒரு தாளில் விலா எலும்புகளை வரைந்தார். இந்தப் பக்கம் பிறவியிலேயே தசை இல்லை. உள்ளே சிலிக்கான் வைத்தால் அதை மூடி மறைக்க ஒன்றும் இல்லை. தோலும் போதாது. முதலில் ஒரு பையை உள்ளே வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றி, மாதக்கணக்கில் தோலை விரித்துக் கொண்டுவர வேண்டும். பிறகு இன்னொரு ஆபரேஷன். எப்படியும் ஒரு வருஷம் ஆகும். அப்போதும் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. இந்தப் பக்கம் அப்படியே நிற்கும். அந்தப் பக்கம் வயது ஏற ஏறத் தொய்யும்.

"போட்டோல பாக்கற மாதிரி எல்லாருக்கும் வராதும்மா. உடம்பு எவ்வளவு இடம் குடுக்குதோ, அவ்வளவுதான் எங்களால செய்ய முடியும்."

அந்தப் போட்டோக்களைத்தான் கோகிலா ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்வதற்கு முன், செய்த பின். அந்தப் பெண்களுக்கெல்லாம் உள்ளே தசை இருந்திருக்கிறது. அது போட்டோவில் தெரியவில்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லிடலாமே. வேணும்னா நான் பேசறேன்."

தரணீதரன் நல்லவன்தான். சாப்பிட்டாயா என்று கேட்காமல் ஒருநாளும் போனை வைத்ததில்லை. அவனுக்கு இதைச் சொல்ல மூன்று முறை வாட்ஸப்பில் எழுதி, மூன்று முறையும் அழித்திருந்தாள். மூன்றாவது முறை, 'என்ன, டைப் பண்ணிட்டே இருக்க?' என்று கேட்டிருந்தான். சும்மா என்று பதில் போட்டாள்.

"ஐயோ, வேண்டாமுங்க" என்று அம்மா பதறினாள். "ஊரு முச்சூடும் பத்திரிகை குடுத்தாச்சு. இப்பப் போய்ச் சொன்னா ஏமாத்திட்டாங்கன்னுதானுங்க பேசுவாங்க."

பேசுவார்கள். ரேணுகாவின் ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பிய பிறகு, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லவும் வாய் இல்லை.

அம்மா மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக வலப்பக்கத்தையே பார்த்துப் புழுங்கியவள், இன்றைக்குத்தான் இடப்பக்கத்தைப் பார்த்தாள்.

"அப்பிடின்னா அந்தப் பக்கத்தைக் கொறச்சு உட்ருங்க டாக்டர். ஜாக்கெட்ட நாங்க புடிச்சுத் தச்சுக்கறோம். ரண்டும் ஒண்ணாட்ட இருந்தாப் போதுமுங்க."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள்.

"அம்மா, அந்தப் பக்கத்துல ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர். "நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தா, பால் குடுக்கப்போறது அது ஒண்ணுதான். கத்தி வச்சா அதுவும் இல்லாமப் போகலாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மாமேல் கோபம் வர வேண்டும் என்று கோகிலாவுக்குத் தோன்றியது. வரவில்லை. களைப்பாக இருந்தது. எங்கேயாவது போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

நர்ஸ் நீட்டிய துண்டை வாங்கி வலப்பக்கத்தை மூடினாள். பழக்கம் அப்படி. இடப்பக்கம் திறந்தபடியே இருந்தது. குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டாள்.

"கொறச்சா, அந்தப் புண்ணு ஆற எத்தன நாளாகுமுங்க?"