டிவோலியில் ஒரு மாப்பிள்ளை

"வந்துட்டான் பாரு, இன்னொரு கோமாளி!" என்றாள் குன்ஹில், வாய் நிறைய கறுப்பு ரொட்டியும் மீனுமாக.

கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஒரு இளைஞன், குளக்கரைப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த வயதான பெண்கள் ஒவ்வொருவர் முகத்தையும் குனிந்து பார்த்தபடி வந்துகொண்டிருந்தான். கன்னத்தில் வியர்வை வழிந்தது. கையில் ஒரு ரோஜாச் செண்டு, பாதி நசுங்கிப் போய்.

கோபன்ஹேகனில் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு நண்பர்கள் ஏதாவது வேஷம் கட்டி, ஊர் நடுவே அலையவிட்டு மானத்தை வாங்குவார்கள். சனிக்கிழமை என்றால் டிவோலி கேளிக்கைத் தோட்டத்துக்குள் இந்தக் கூத்துக்குக் குறைவே இருக்காது. கோழி வேஷத்தில் ஒருவன் சற்று முன்னால்தான் கொக்கரித்துவிட்டுப் போயிருந்தான்.

"பாவம்டி, சின்னப் பையன்," என்றாள் தோழி போடில், குடுவையிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டே.

"என்ன பாவம்? கல்யாணங்கறதே கூத்தாப் போச்சு. பொறுப்புங்கறது ஒருத்தனுக்காவது இருக்கா?"

"அதை விடு. இன்னிக்கு உனக்கு டியூட்டி இல்லையா?"

"கூட வேலை பார்க்கற கிர்ஸ்டனோட மாத்திக்கிட்டேன். இந்தச் சனிக்கிழமை அவ, அடுத்த சனிக்கிழமை நான்."

"போன சனிக்கிழமையும் இதையேதான் சொன்னே."

"நான் என்ன உன்னை மாதிரி மறதிக்காரியா?"

குன்ஹிலின் கைப்பை மறுபடியும் உறுமியது. வந்ததிலிருந்து அது இப்படித்தான் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றி அதன் மேல் கவிழ்த்தாள்.

"கெடக்கட்டும். லீவு நாள்ல கூப்பிடறவங்களுக்கு அறிவு வேணாம்?"

அதற்குள் அந்த இளைஞன் அவர்கள் பெஞ்சுக்கே வந்துவிட்டான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. ஒரு ஆளைத் தேடறேன். அவங்க வரலேன்னா எங்க கல்யாணமே..."

"ஓடிட்டாளா?" என்று இடைமறித்தாள் குன்ஹில். "உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கே ஓடத் தோணுது."

பக்கத்துப் பெஞ்சுகள் குலுங்கின. போடில் மட்டும் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் கேளுங்கம்மா. ஒரு மணிக்குக் கல்யாணம். சாயங்காலம் நான் கப்பல் ஏறணும். ஏறிட்டா ஆறு மாசம் கடல்லதான். நான் திரும்பறதுக்குள்ள குழந்தை பொறந்துடும். அதனாலதான்..."

"கப்பலு, குழந்தை! முழு நாடகமே எழுதிக் குடுத்திருக்கானுங்களே உன் கூட்டாளிங்க," என்று கை கொட்டினாள் குன்ஹில். "சரி, ஒரு பாட்டுப் பாடு. உன் ஆளு எங்கேன்னு சொல்றேன்."

"நிஜமாவே தெரியுமா உங்களுக்கு?"

"பாடு முதல்ல."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் ஒரு தாலாட்டைப் பாடினான். இரண்டாவது அடியிலேயே குரல் பிசிறியது. கூட்டம் படம் எடுத்தது, ஒருவர் அவன் தொப்பிக்குள் காசு போட்டார்.

"குரலும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் குன்ஹில். "சரி போ. அதோ அந்தச் செயற்கை மலை மேல ஏறி இறங்குதே மர ரயில், அதுல ஏறு. உச்சிலேருந்து பார்த்தா தோட்டம் முழுக்கத் தெரியும். உன் ஆளும் தெரிவா."

அவன் நன்றி சொல்லிவிட்டு ஓடினான்.

"நீ செஞ்சது அநியாயம்டி. அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு," என்றாள் போடில்.

"நடிப்பு! இந்த மாதிரி மூஞ்சிங்களை எத்தனை பார்த்திருக்கேன் நான்."

குளத்துப் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. குன்ஹில் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

மர ரயில் தடதடவென்று மலை உச்சிக்கு ஏறியது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலற, அவன் மட்டும் குளக்கரைப் பக்கம் கையை நீட்டி ஏதோ கத்தினான். சரிவில் இறங்கும்போது உயரத் தொப்பி பறந்து செடிகளுக்குள் விழுந்தது. குன்ஹில் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் வெறுந்தலையோடு திரும்ப ஓடி வந்தான். கூடவே வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண், பெரிய வயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி, எட்டி எட்டி நடந்து வந்தாள்.

"இப்போ பொண்ணு வேஷமும் வந்துடுச்சா!" என்றாள் குன்ஹில். "தலையணையைக் கட்டிக்கிட்டு என்னமா நடக்கறா பாரு."

அந்தப் பெண் எதிரே வந்து நின்றாள். அழுது சிவந்த கண்களோடு குன்ஹிலின் தலையையே பார்த்தாள்.

"மஞ்சள் தொப்பி," என்றாள் மூச்சு வாங்க. "கல்யாணப் பதிவு ஆபீஸ் காவல்காரர் சரியாத்தான் சொன்னார். போன் எடுக்க மாட்டாங்க, குளக்கரைப் பெஞ்சுலதான் இருப்பாங்கன்னார்."

குன்ஹிலின் மடியில் கைப்பை மறுபடியும் உறுமியது. போடில் மெல்லக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கற அதிகாரி நீங்கதானேம்மா?"