வெளிநடப்பு செய்த இயந்திரங்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் கொட்டட்டும். பக்கத்து மாநகராட்சியோடு சேர்ந்து போடும் சாலை எங்கள் சமையலறை வழியாகப் போவதாக இருந்தது. இரண்டு ஊரிலும் இயந்திரக் கவுன்சிலர்கள்தான்; ஐம்பது வருட மன்றக் கூட்டக் குறிப்புகளைப் படித்துத் தேறியவை. இரு மன்றமும் கூடி, தீர்மானத்தை வாசித்ததுமே எல்லாம் "வெளிநடப்பு!" என்று கத்தின. அவற்றுக்கு ஏது கால்? பியூன் தங்கராசுதான் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார்.

"உள்ள கொண்டுபோனா மறுபடி கத்துதுங்கண்ணே," என்றார் என்னிடம்.

"அப்ப ரோடு?"

"ஓட்டுப் போட உள்ள யாரு இருக்கா? அண்ணிய நிம்மதியா உலை வைக்கச் சொல்லுங்க."

வீடு தப்பியது என்று அன்று பாயசம் வைத்தோம். எதிர்க்க உள்ளே யாரும் இல்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக மறுநாள் கூட்டக் குறிப்பில் ஏறியிருந்தது. அந்த அடுப்பு இருந்த இடத்தில் இப்போது இரண்டாவது கிலோமீட்டர் கல் நிற்கிறது.