கை வராத மாணவர்

"நீங்க மண்ணை ஆட்டணும், மண்ணு உங்களை ஆட்டக் கூடாது! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

மண்பாண்டக் கூடத்துக்காரி போட்ட சத்தத்தில், கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தையல்கடை அம்மா உள்ளே கால் வைக்கத் தயங்கி நின்றாள்.

சுழலும் சக்கரத்தின் முன்னால் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தின் மேலிருந்த ஈரக் களிமண், குடித்தவன் போலத் தள்ளாடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சொத்தென்று விழுந்தது.

"மாணவரே, இன்னிக்கும் மண்ணுக்கு உங்க மேல கோபம்தான்!" என்று சிரித்தாள் கூடத்துக்காரியின் மகள். அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஜாடிகளுக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தாள்.

மாணவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"வாங்கம்மா, என்ன வேணும்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள் கூடத்துக்காரி.

தையல்கடை அம்மா பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு நீலக் கிண்ணம், இரண்டு துண்டாக.

"கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதுலதாம்மா சாப்பிடறேன். பாழாப்போன பூனை தட்டிவிட்டுடுச்சு. இதே மாதிரி வேணும்னு கேட்கல. இதைச் செஞ்ச அதே கைதான் வேணும்."

கூடத்துக்காரி ஒரு துண்டை எடுத்து அதன் விளிம்பைத் தடவினாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் செஞ்சது."

"அவரைப் பாக்க முடியுமா?"

"அவர் இப்ப எதுவும் செய்யறதில்லம்மா."

"திரும்ப எப்ப..."

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இப்படித் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன்?"

தையல்கடை அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவள் அவள். இதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரமாகும்? மனுஷன் பெண்டாட்டி பிள்ளையை அம்போவென்று விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். பாவம், இவள் பிழைப்புக்காகப் பொழுதுபோகாதவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அலமாரியில வேற கிண்ணம் இருக்கு, பாருங்கம்மா. நான் இவரைக் கவனிச்சுட்டு வந்துடறேன்" என்று கூடத்துக்காரி சக்கரத்தடிக்குத் திரும்பினாள்.

கம்பியால் அறுத்துப் புது மண்ணை எடுத்து வைத்தாள். மாணவர் தொட்டார். மண் திமிறியது. மறுபடியும் சொத்!

தையல்கடை அம்மா கவனித்தாள். அந்த ஆள் ஒரு கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு, ஏதோ கடைவீதியில் வேடிக்கை பார்க்க வந்த தோரணையில் உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியா ஒரு வேலையைக் கற்றுக்கொள்வது?

"தப்பா நினைக்காதீங்க. எங்க கடைக்கும் இப்படி ஆளுங்க வருவாங்க. சிலருக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் கை வராது. அதை முகத்துக்கு நேரா சொல்லிடறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

மகளின் தூரிகை அப்படியே நின்றது. ஆனால் மாணவர் கோபப்படவில்லை. கடகடவென்று சிரித்தார்.

"நானும் அதைத்தாம்மா தலைப்பாடா அடிச்சுக்கறேன். இவ கேட்டாத்தானே!"

"கேட்க மாட்டேன்" என்றாள் கூடத்துக்காரி. "பேசினது போதும். முழங்கையைத் தொடையில ஊனுங்க. மூச்சை அடக்குங்க. ம், இப்போ!"

அவளே அடுத்த உருண்டையை ஓங்கி அறைந்து வைத்தாள். சக்கரம் சுழன்றது. மாணவரின் உள்ளங்கை மண்ணின் மேல் படிந்தது. மண் துள்ளியது, முரண்டு பிடித்தது, பிறகு மெல்ல மெல்லத் துள்ளலை விட்டது. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு நடுவில் அடங்கிச் சுழன்றது.

மகள் தூரிகையோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

கட்டைவிரல் மண்ணுக்குள் இறங்கியது. மற்ற விரல்கள் வெளியே அணைத்துப் பிடித்தன. ஒரு சுவர் எழும்பியது. நடுங்கியது. "விட்டுடாதீங்க!" என்றாள் கூடத்துக்காரி ரகசியம் போல. சுவர் இன்னும் கொஞ்சம் எழும்பியது. விளிம்பு விரிந்தது.

சக்கரம் நின்றபோது, அதன் மேல் ஒரு சின்னக் கிண்ணம் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் கோணல்தான். ஆனாலும் கிண்ணம்!

மகள் தூரிகையை வீசிவிட்டு "ஊ...!" என்று கத்திய கத்தலில், பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். எட்டிப் பார்த்தவர் "அடிச்சாரய்யா!" என்று கை தட்டினார். தெருவில் போன இரண்டு பேர் காரணமே தெரியாமல் சேர்ந்து தட்டினார்கள். கூடத்துக்காரி அந்தக் கிண்ணத்தின் முன்னால் மண்டியிட்டு, சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு விசும்பினாள்.

தையல்கடை அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கோணல் கிண்ணத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? ஒருவேளை, சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளப் புருஷன் பக்கத்தில் இல்லையே என்று அழுகிறாளோ?

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அருகில் போய்த் தோளைத் தொட்டாள்.

"அழாதேம்மா. உன் வீட்டுக்காரர் என்னைக்காவது ஒருநாள் திரும்பி வருவார், பாரேன்."

கூடத்துக்காரி நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

"வந்துட்டாரேம்மா! பக்கவாதத்துல வலது கை விழுந்துபோன மனுஷன், இதோ, இடது கையால முதல் கிண்ணத்தை எழுப்பிட்டாரே!"